சூளகிரிச் செலவு

'செலவு' என்னும் சொல்லைக் கேட்டவுடன் இன்று நம் நினைவுக்கு வருவது பணப்பையே ஆகும். பழந்தமிழில் அச்சொல்லுக்குப் பயணம் என்பதே பொருள். பொருள் தேடிப் புறப்படும் தலைவன், தலைவியின் துயர் கண்டு புறப்பாட்டைத் தள்ளிவைப்பதைச் 'செலவழுங்குதல்' என்றனர். அது போகாமலே இருந்துவிடுதல் அன்று. அவளைத் தேற்றிவிட்டுப் போவதற்கான சிறு தாமதமே என்று தொல்காப்பியர் நுட்பமாக வரையறுக்கிறார். இதனை ஆண்டுதோறும் வகுப்பில் விளக்கிவரும் யாம், எம் இல்லறத்தில் இருபது ஆண்டுகள் செலவழுங்கினோம். தொல்காப்பியர் சொன்ன வகையில் அன்று. உண்மையாகவே போகாமல் இருந்துவிட்டோம். சொல்லின் பழைய பொருளை அதன் புதிய பொருள் தடுத்துவிட்டது எனலாம்.

எம் துணைவியார் எம்மிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். பொன் கேட்கவில்லை, உதகைக்கோ கொடைக்கானலுக்கோ அழைத்துச் செல்லுமாறு கேட்கவில்லை. சூளகிரியில், ஒரு வண்டிக்குள், ஓர் இரவு உறங்க வேண்டும் என்றார். மணமான புதிதில் இதைக் கேட்டபோது யாம் நகைத்தோம். வாணியம்பாடியிலிருந்து எழுபத்தைந்து கிலோமீட்டர் தொலைவில், ஒசூருக்கும் கிருஷ்ணகிரிக்கும் நடுவே, பேருந்தில் போவோர் சன்னல் வழியே பார்த்துவிட்டு மறந்துவிடும் ஊர் அது. அங்கே போய் உறங்குவதா? பின்னர் வண்டி இல்லை என்றோம். அதன் பின்னர் எம் தாயார் படுக்கையில் விழுந்தார். ஒன்பது ஆண்டுகள் அவரைத் தூக்கி, கழுவி, ஊட்டியவர் துணைவியாரே. அதன் பின்னர் மகனுடைய பொதுத்தேர்வு. தாயார் இறையடி சேர்ந்து, மகனும் விடுதிக்குச் சென்ற பிறகு, வீட்டில் யாம் இருவர் மட்டும் எஞ்சியிருந்தோம். காரணம் எதுவும் கையிருப்பில் இல்லை.

எம்மை அசைத்தவர் எம் பழைய மாணவர் ஒருவர். அமெரிக்காவில் பணியாற்றும் அவர் விடுமுறைக்கு வந்தபோது, அந்நாட்டில் சக்கரம் பூட்டிய வீடுகளில் ஊர் ஊராகச் செல்லும் முதிய இணையர்களைப் பற்றிக் கூறினார். கட்டில், அடுப்பு, குளிர்பெட்டி, கழிப்பறை அனைத்தும் வண்டிக்குள்ளேயே உண்டாம். புறப்படும் நாளன்று கணவரும் மனைவியும் குறிப்புத்தாளை வைத்துக்கொண்டு, தண்ணீர்க் குழாயைக் கழற்றியாயிற்றா, இழுப்பறைகளைப் பூட்டியாயிற்றா என்று ஒவ்வொன்றாகச் சரிபார்ப்பார்களாம். மாலையில் மாநில அரசின் பூங்கா ஒன்றை அடைந்து, முன்பதிவு செய்த எண்ணுள்ள இடத்தில் வண்டியை மட்டம் பார்த்து நிறுத்தி, மின்சாரமும் தண்ணீரும் இணைத்துக்கொண்டு, வெளியே நாற்காலி போட்டு அமர்ந்துவிடுவார்களாம். 1864இல் ஆபிரகாம் லிங்கன் யோசமிட்டிப் பள்ளத்தாக்கைக் கலிபோர்னியா மாநிலத்திடம் மக்களின் இன்பத்துக்கென ஒப்படைத்ததிலிருந்து வளர்ந்த மரபு இது. நம் அண்டை மாநிலமான கேரளமும் 2021இல் கேரவன் சுற்றுலாவுக்கெனக் கொள்கை வகுத்தது. மாணவர் பேசி முடித்ததும், தேநீர்க் கோப்பைகளை எடுக்க வந்த துணைவியார், "இதைத்தானே நான் இருபது வருஷமாக் கேட்கிறேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

எம்மிடம் இருந்தது பழைய மாருதி ஆம்னி. 1984இல் 'வேன்' என்ற பெயரிலேயே வெளிவந்து, பிறகு ஆம்னியாகி, 2019இல் உற்பத்தி நிறுத்தப்பட்ட வண்டி அது. இயந்திரம் முன்னிருக்கைகளின் கீழேயே இருப்பதால், ஓட்டுபவருக்குக் குளிர்காலத்தில் நன்மையும் கோடையில் தண்டனையும் உண்டு. பின்னிருக்கையை மடக்கி இலவம்பஞ்சு மெத்தையை விரித்தோம். சிறு எரிவாயு அடுப்பு, ஒரு குடம் தண்ணீர், தொழுகை விரிப்புகள் இரண்டு, கொசுவலை, கம்பளி, எலுமிச்சை ஊறுகாய். பொங்கல் விடுமுறை, சுபுஹுத் தொழுகை முடித்துப் புறப்பட்டோம்.

அடுக்கும்போதே எமக்கு ஒரு பழைய வண்டி நினைவுக்கு வந்தது. பெரும்பாணாற்றுப்படையில் கடியலூர் உருத்திரங்கண்ணனார் காட்டும் உமணர் வண்டி அது. உப்பு ஏற்றிய அவ்வண்டியில் கோழி அடையும் கூடு உண்டு. ஊறுகாய்க் கலம் தொங்கும். குழந்தையை உடைய பெண்ணே பகடுகளை ஓட்டுவாள். வீடே நகர்ந்து செல்லும் காட்சி. மாணவர் வியந்து கூறிய அமெரிக்க வண்டிக்கு ஏறத்தாழ ஈராயிரம் ஆண்டு முந்தைய மூதாதை நம்மிடம் இருக்கிறது என்று வழிநெடுகத் துணைவியாரிடம் விளக்கிக்கொண்டே வந்தோம். நாட்டறம்பள்ளியும் பர்கூரும் கடந்தன. அவர் எதுவும் மறுமொழி கூறவில்லை. யாம் வகுப்பெடுக்கும் குரலில் பேசும்போது அவர் பேசாமலிருப்பது வழக்கமே ஆதலால் அதனைப் பொருட்படுத்தவில்லை.

கிருஷ்ணகிரி அணைக்கட்டுக்குத் திரும்பினோம். கருநாடகத்தின் நந்தி மலைப்பகுதியில் பிறந்து, ஒசூர் வழியாக வந்து, கடலூரருகே கடல் சேரும் தென்பெண்ணைக்குக் காமராசர் காலத்தில் கட்டிய அணை. 2017 நவம்பரில் மதகு ஒன்று உடைந்து, தேக்கிய நீர் வீணாய்ப் பாய்ந்த செய்தி நம்மில் பலருக்கு நினைவிருக்கும். அணையின் கீழே பூங்கா ஒன்று உண்டு. மாநில அரசின் பூங்கா என்று பார்த்தால் எமக்குக் கிட்டிய ஸ்டேட் பார்க் இதுவே. ஆனால் மாலையில் பூட்டிவிடும் பூங்கா. அணைமீனை மசாலா தடவிப் பொரித்து விற்கும் கடைகள் வாயிலில் வரிசையாக உள்ளன. வண்டியில் கொண்டுவந்த சோற்றுக்கு அம்மீனை வாங்கி மரநிழலில் உண்டோம். லுஹர் நேரம் வந்தது. பயணியர் என்ற முறையில் தொழுகையைச் சுருக்கலாமா என்ற ஐயத்தை எழுப்பினோம். ஹனபி மத்ஹபில் நாற்பத்தெட்டு மைல் என்பது பலர் கொள்ளும் கணக்கு; அஃது எழுபத்தேழு கிலோமீட்டர்; சூளகிரியோ எழுபத்தைந்து. அணைக்கு வந்த சுற்றுவழியைக் கூட்டிக்கொள்ளலாமே என்றோம். "மீன் தின்ன வந்தது கணக்குல வராதுங்க, நாலு ரக்அத்தும் தொழுங்க" என்று தீர்ப்பாயிற்று.

கிருஷ்ணகிரியைக் கடந்ததும் நெடுஞ்சாலை மெல்ல மெல்ல மேலேறுகிறது. ஒசூர் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் உள்ளது. ஏற ஏறக் காற்றின் வெம்மை குறைவது முகத்தில் தெரியும். குருபரப்பள்ளிக்கு அப்பால் பின்சக்கரம் ஒன்று காற்றிழந்தது. வண்டியை ஓரம் கட்டினோம். அந்நேரத்திலும் எம் உள்ளம் இலக்கியத்திலேயே நின்றது. உமணர் தம் வண்டியின் அடியில் மாற்று அச்சு ஒன்றைக் கட்டிவைத்திருப்பர். பள்ளமோ மேடோ, முறிந்தால் உதவும் அந்தச் சேம அச்சினைப் போன்றவன் என்று அதியமான் மகன் பொகுட்டெழினியை ஔவையார் பாடியது புறநானூற்றின் 102ஆம் பாடல். யாம் நின்றிருந்ததோ அதியமானின் தகடூர் நாட்டு மண். 2004இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகும் வரை இது தருமபுரி மாவட்டமாகவே இருந்தது. என்ன பொருத்தம் என்று வியந்து திரும்பினால், துணைவியார் புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, பின்சக்கரம் உருளாமல் முன்சக்கரத்துக்குக் கல் கொடுத்து, ஜாக்கியை ஏற்றிக்கொண்டிருந்தார். நட்டுகளை வண்டி தூக்குவதற்கு முன்பே சற்றுத் தளர்த்திவிட வேண்டுமாம். இருபது ஆண்டுகளில் இந்தக் கலை அவரிடம் உண்டென்று யாம் அறிந்திருக்கவில்லை. "பாவா சொல்லிக் கொடுத்தாரு" என்றார். தக்கணி உருது பேசும் குடும்பத்தவர். தந்தையைப் பாவா என்றே அழைப்பார்.

இவ்விடத்தில் மாமனாரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அவர் லாரி ஓட்டுநர். ஒசூரில் 1980 முதல் இயங்கும் அசோக் லேலண்டு ஆலையின் லாரிகளைத் தம் ஊர் லாரி என்று பெருமையோடு சொல்வாராம். சூளகிரி வட்டாரத்துக் கொத்தமல்லி, முட்டைக்கோசு, தக்காளி ஆகியவற்றை ஏற்றிச் சென்னைக் கொத்தவால்சாவடிக்கும், 1996இல் கோயம்பேட்டுச் சந்தை வந்தபின் அங்கும் கொண்டு சேர்ப்பார். பள்ளி விடுமுறையில் ஒரே மகளையும் உடன் அழைத்துச் செல்வார். லோடு ஏறும்வரை சூளகிரிச் சாலையோரப் புளியமரத்தடியில் லாரி நிற்கும். மகள் கேபினில் உறங்குவாள். தந்தை லாரியின் அடியில் தொட்டில் கட்டி உறங்குவார். துணைவியார் கேட்ட இரவு அதுதான்.

ஊரை அடைந்தபோது அஸர் நேரம். மும்முகச் சூலம் போன்ற மலையால் சூலகிரி என்றாகி, அதுவே சூளகிரி என மருவிற்று என்பர். மலை அப்படியே இருந்தது, புளியமரம் இல்லை. சாலை அகலமானபோது மரங்கள் போயின. மேம்பாலமும் அணுகுசாலையும் வந்தன. துணைவியார் மலையைப் பார்ப்பார், சாலையைப் பார்ப்பார், பத்தடி நடப்பார், திரும்ப வருவார். தேநீர்க்கடைக்காரரிடம் தெலுங்கில் வினவினார். கீரைக்கட்டோடு அமர்ந்திருந்த மூதாட்டியிடம் கன்னடத்தில் பேசினார். இரும்புக்கடை வாசலில் தொப்பியணிந்திருந்த பெரியவரிடம் தக்கணியில் தொடர்ந்தார். நான்கு மொழி புழங்கும் எல்லைப்புறத்தில் அவர் மீன்போல் நீந்த, தமிழில் பட்டம் மூன்று பெற்ற யாம் கையில் தேநீர்க் குவளையோடு ஊமையராய் நின்றோம். எம் வீட்டில் இத்தனை ஆண்டுகள் அவர் தமிழ் மட்டுமே பேசினார். பிற மொழிகளை அவர் எங்கே வைத்திருந்தார் என்று யாம் கேட்டதில்லை.

மரம் நின்ற இடம் உறுதிப்படவில்லை. சின்னாற்று அணையோரம் அமைதியாக இருக்கும் என்றெண்ணி அத்திசையில் வண்டியைத் திருப்பினோம். கேழ்வரகுத் தாள் ஏற்றிவந்த உழவர் ஒருவர் வழிமறித்தார். "ஆனைங்க நடமாட்டம் இருக்கு சார். ராத்திரிக்கு இங்க நிக்காதீங்க" என்றார். பன்னார்கட்டா, சவளகிரிக் காடுகளிலிருந்து ஆண்டுதோறும் கேழ்வரகு முற்றும் பருவத்தில் யானைகள் சானமாவுக் காட்டுக்கு வந்து, சூளகிரியை ஒட்டிய போடூர்பள்ளம் வரையிலும் பிரிந்து வருகின்றன. உழவர் பரண் கட்டிக் காவல் இருக்கின்றனர். யானைக்கும் இது முன்னோர் வழி. நெடுஞ்சாலையும் தொழிற்பேட்டையும் அதன் நடுவே வந்தவை. அவற்றின் செலவை யாம் இடைமறிப்பானேன் என்று திரும்பிவிட்டோம்.

இருட்டிய பிறகு தங்கிய இடம் நெடுஞ்சாலையோரம் லாரிகள் நிற்கும் ஒரு பெட்ரோல் நிலையத்து மண்திடல். அமெரிக்கப் பூங்காவின் எண்ணிட்ட இடமன்று. ஆயினும் கழிப்பறையும் தண்ணீரும் விளக்கும் இருந்தன. நம் நாட்டில் ஒரு பெண்ணின் பயணத்தை முடிவு செய்வது சாலையும் வண்டியும் அல்ல, கழிப்பறையே. ஆடவர் எழுதிய பயண நூல்களில் இச்செய்தி இடம்பெறுவதில்லை. காவலாளி கைவிளக்கை எம் முகத்தில் அடித்து, "யாரு? என்ன உறவு?" என்றார். கல்லூரி அடையாள அட்டையை எடுக்க யாம் சட்டைப்பையில் கைவிட்டோம். அதற்குள் துணைவியார், "லாரிக்காரர் மகள்தாங்க நான். சின்ன வயசுல இங்கதான் பாவாவோட தூங்குவேன். இவர் என் வீட்டுக்காரர்" என்றார். அட்டைக்கு வேலை இல்லாமற் போயிற்று.

நாமக்கல் வண்டிக்காரர் ஒருவர் தம் லாரியைச் சற்று முன்னே நகர்த்தி, இரண்டு லாரிகளுக்கு நடுவே எம் ஆம்னி நுழைய இடம் செய்தார். "காத்து அடிக்காதுக்கா, வெளிச்சமும் கண்ணுல குத்தாது" என்றார். அவருடைய கிளீனர் பின்புறம் தார்ப்பாய் ஒன்றைக் கட்டி மறைப்பாக்கினார். ராசஸ்தான் எண் பொறித்த வண்டியின் ஓட்டுநர் தரையில் அடுப்பு மூட்டி ரொட்டி சுட்டுக்கொண்டிருந்தார். துணைவியாரின் தக்கணியும் அவருடைய இந்தியும் எங்கோ ஓரிடத்தில் சந்தித்துக்கொள்ள, நான்கு ரொட்டிகள் எம் தட்டுக்கு வந்தன. எம் எலுமிச்சை ஊறுகாய் அவர் தட்டுக்குச் சென்றது. இஷாத் தொழுகைக்கு விரிப்பை விரித்தபோது பக்கத்து லாரியில் ஒலித்துக்கொண்டிருந்த பாட்டு நின்றது. தொழுது முடித்துக் கம்பளி போர்த்தி அமர்ந்த பிறகே மீண்டும் தொடங்கியது, முன்னைவிட மெதுவாக.

குளிர் கடுமையாயிற்று. மெத்தையில் கிடந்து, சறுக்குக் கதவைக் கையளவு திறந்து வைத்து, வானத்தைப் பார்த்தோம். உயர்விளக்கின் ஒளியில் விண்மீன் ஒன்றும் தெரியவில்லை. அப்போதுதான் துணைவியார் பேசினார்.

"காலையில உமணர் வண்டி, உமணர் வண்டின்னு அவ்வளவு அழகாச் சொன்னீங்களே. எங்க பாவாவும் அதுதானே?"

யாம் ஒன்றும் சொல்லவில்லை. பதினெட்டு ஆண்டுகளாக அப்பகுதியை நடத்துகிறோம். உப்பு வண்டிக்கும் கொத்தமல்லி லாரிக்கும் நடுவே இருந்த சில அடித் தொலைவை எம் அறிவு ஒருநாளும் கடக்கவில்லை.

"கல்யாணத்தன்னிக்கு மாமனார் என்ன செய்யிறார்னு உங்க காலேஜ்காரங்க கேட்டாங்க. போக்குவரத்துத் துறைன்னு சொன்னீங்க."

சொன்னோம். கேட்டவர்கள் அரசுப் போக்குவரத்துக் கழகத்து அலுவலர் என்று எண்ணிக்கொண்டனர். அதை யாம் திருத்தவில்லை. பொய் சொல்லவில்லை என்று அன்று எமக்கு நாமே கூறிக்கொண்டது இன்றும் நினைவிருக்கிறது. ஆனால் அவ்வுரையாடலை வேறு எவரும் கேட்டதாக யாம் அறியோம்.

"பாவா பின்னாடிதான் நின்னாரு" என்றார்.

எம்.ஃபில். முடித்துத் தொகுப்பூதியத்தில் பணியாற்றிய ஆண்டுகளில், வாரம் தவறாமல் எம் வீட்டு வாசலில் விடியுமுன் ஒரு சாக்கு இருக்கும். முட்டைக்கோசு, பீன்ஸ், மேலே ஈரத்தோடு ஒரு கொத்தமல்லிக் கட்டு. கதவைத் தட்டமாட்டார். லாரியைப் பெருஞ்சாலையிலேயே நிறுத்திவிட்டுச் சாக்கைத் தோளில் சுமந்து வருவார். அந்தச் சாக்கு இல்லையேல் பல வாரங்கள் எப்படிக் கழிந்திருக்கும் என்று எம் தாயார் சொல்வதுண்டு. லாரி நுழைய இயலாத குறுகிய தெரு என்பதால் சுமந்து வருகிறார் என்றே யாம் கருதியிருந்தோம். அதனைச் சொன்னோம்.

"தெரு சின்னதா? தண்ணி லாரி தினமும் உள்ள வந்துச்சே" என்றார் துணைவியார். குரலில் சினம் இல்லை. சினம் இருந்திருந்தால் எமக்கு எளிதாக இருந்திருக்கும். "நானும் பாவாகிட்டக் கேட்டேன். மாப்பிள்ளை காலேஜுல வேலை பார்க்கிறாரு, லாரி வாசல்ல நின்னா நல்லா இருக்காதும்மான்னு சொன்னாரு."

அவர் 2016இல் மறைந்தார். மன்னிப்புக் கேட்க ஆள் இல்லை. மகளிடம் கேட்டோம். அவர் உடனே விடை தரவில்லை. நெடுநேரம் கழித்து, "தூங்குங்க, மூணு மணிக்கு கொத்தமல்லி வண்டியெல்லாம் வரும், சத்தமா இருக்கும்" என்றார். அதுதான் விடையா என்று இன்றும் எமக்குத் தெரியவில்லை. அவர் உறங்கிவிட்டார். யாம் உறங்கவில்லை. பக்கத்து லாரியின் அடியில் நாமக்கல் கிளீனர் தொட்டில் கட்டிப் படுத்திருந்தான். அவன் புரளும்போதெல்லாம் கயிறு கிறீச்சிட்டது.

சொன்னபடியே விடியுமுன் சிறு வண்டிகள் வரத் தொடங்கின. பனியோடு பறித்த கொத்தமல்லியின் மணம் குளிரில் கலந்து திடல் முழுவதும் பரவியது. துணைவியார் எழுந்து, கதவை முழுவதும் திறந்து, வண்டி விளிம்பில் கால்களைத் தொங்கவிட்டு அமர்ந்தார். மலைமுகடுகள் இருளிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரிந்தன. "இந்த வாசனைதான்" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. முகத்தைப் புடவைத் தலைப்பால் துடைத்துக்கொண்டார்.

சுபுஹு தொழுது, தேநீர் வைத்து, ராசஸ்தான்காரருக்கும் ஒரு குவளை கொடுத்துவிட்டு, அமெரிக்க இணையரைப் போல யாமும் ஒவ்வொன்றாகச் சரிபார்த்தோம். அடுப்பு, குடம், விரிப்பு. வழியில் ஒட்டுக் கடையில் சக்கரத்தைச் செப்பம் செய்துகொண்டோம். சாமல்பள்ளம் வந்தபோது, மல்லசந்திரம் கல்திட்டைகளைப் பார்க்கலாமா என்று கேட்டோம். "அடுத்த தடவை" என்றார். அடுத்த தடவை என்றொன்று உண்டு என்பது எமக்குப் போதுமானதாக இருந்தது.

பிற்பகலில் வாணியம்பாடி வந்து சேர்ந்தோம். வழக்கமாக ஆம்னியைத் தெருமுனை வேப்பமரத்தடியில் நிறுத்துவோம். அன்று வாசலுக்கே கொண்டுவந்தோம். எதிர்வீட்டுப் பேராசிரியர் திண்ணையில் நாளிதழ் படித்துக்கொண்டிருந்தார். கண்ணாடியைத் தாழ்த்தி, எங்கே போய் வருகிறீர்கள் என்றார். சூளகிரி என்றோம். அங்கே என்ன விசேடம் என்றார்.

துணைவியார் கொத்தமல்லிக் கட்டை எடுத்துக்கொண்டு படியேறிக்கொண்டிருந்தார், நின்றார்.

"எம் மாமனார் லாரி ஓட்டியவர். அங்கேதான் இரவில் வண்டியை நிறுத்தித் தங்குவார். அவ்விடத்தைப் பார்த்துவரப் போயிருந்தோம்" என்றோம்.